இலைமறை காயும் எக்ஸ்ரேயும்

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி வழியாகப் போனால் சாலையின் இரு பக்கமும் திராட்சைப் பந்தல்தான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைவது இந்தப் பந்தல்களில்தான். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் புதிதாக வந்தவர் கண்ணுக்கு இலை மட்டும்தான் தெரியும். இலைக்கு மேல் இலை, அதற்கு மேல் இன்னொரு கொடி. பழுத்த குலை எது, இலையின் நிழல் எது என்று பிரிக்க முடியாது.

குலை வெட்டும் பெண்கள் ஒரே இடத்தில் நின்று தேடுவதில்லை. இடப்பக்கம் ஒரு எட்டு, வலப்பக்கம் ஒரு எட்டு, தலையைச் சற்றே சாய்த்து ஒரு பார்வை. நகரும்போது கிட்டத்து இலை சட்டென்று விலகும், மேலே இருக்கும் இலை மெதுவாக நகரும். அந்த வித்தியாசத்தில் நடுவே தொங்கும் குலை வெளிப்பட்டுவிடும். இலைமறை காயைக் காண அவர்கள் இலையைப் பறிப்பதில்லை, நிற்கும் இடத்தைத்தான் மாற்றுகிறார்கள்.

மார்பகப் புற்றைத் தேடும் முப்பரிமாண எக்ஸ்ரே கருவி செய்வதும் இதே வேலைதான். டோமோசிந்தசிஸ் என்று அதற்குப் பெயர். அந்தக் கருவி எத்தனை எட்டு நகர வேண்டும், எவ்வளவு தூரம் நகர வேண்டும், ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு கதிரைச் செலவிட வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பெண்ணின் உடம்பிலும் கை வைக்காமல் கணினிக்குள் ஒத்திகை பார்த்து முடிவு செய்யலாம். சிமுலேஷன் என்று விஞ்ஞானிகள் சொல்வதை நான் ஒத்திகை என்றே எழுதுகிறேன். மேடை ஏறுமுன் நடப்பது எதுவோ, அதுவே இங்கும் நடக்கிறது.

முதலில் சாதாரண மேமோகிராம். மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்து, மேலிருந்து எக்ஸ்ரே பாய்ச்சுவார்கள். ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் கொழுப்பு, பால்சுரப்பி, நாளங்கள், நார்கள், கட்டி இருந்தால் கட்டி, எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழும். எலும்பு முறிவைப் படம் எடுப்பது போல இது சுலபமில்லை. ஏன் என்பதற்குச் சில எண்களைப் பார்த்துவிடுவோம். 1987இல் ஜான்ஸ், யாஃபே என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட மார்பகத் திசுக்களை எக்ஸ்ரேயில் அளந்து வெளியிட்டார்கள். அவர்களுடைய அளவுகளை வைத்து நாமே கணக்குப் போடலாம். 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நூறு எக்ஸ்ரே துகள்களை ஒரு சென்டிமீட்டர் கொழுப்புக்குள் அனுப்பினால் ஏறத்தாழ 63 மறுபக்கம் வரும். அதே ஒரு சென்டிமீட்டர் பால்சுரப்பித் திசு என்றால் 45. புற்றுக் கட்டி என்றால் 43.

கொழுப்புக்கும் கட்டிக்கும் இடையே இருபது துகள் வித்தியாசம். ஆனால் நல்ல பால்சுரப்பிக்கும் கட்டிக்கும் இடையே வெறும் இரண்டு. கொழுப்பு நிறைந்த மார்பகத்தில் கட்டி இருட்டில் ஏற்றிய விளக்கு போலத் தெரியும். சுரப்பித் திசு அடர்ந்த மார்பகத்தில் அதே கட்டி, பாலில் விழுந்த சுண்ணாம்புத் துளி.

சங்கடம் அதோடு முடியவில்லை. எக்ஸ்ரே துகள்கள் மழைத்துளி போல. எண்ணி அனுப்பினாலும் எண்ணியபடி வந்து சேராது. நூறு அனுப்பினால் சராசரியாக 45 வரும் என்றால், ஒருமுறை 40 வரும், இன்னொருமுறை 50 வரும். இந்த ஆட்டத்துக்குள் இரண்டு துகள் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாயிரம் துகள் அனுப்பினால் 4,500க்கு எதிரே 4,300. ஆட்டமோ ஐம்பது அளவில்தான் இருக்கும். இப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்படியானால் துகள்களை அள்ளிக் கொட்டிவிடலாமே என்றால், முடியாது. இரு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் நான்கு மடங்கு கதிர் வேண்டும். அந்தக் கதிரை வாங்கிக்கொள்வது எந்தத் திசுவில் புற்று தோன்றுமோ அதே சுரப்பித் திசு. நோயைத் தேடும் கருவியே நோய்க்கு வித்திடக் கூடாது என்பதால், ஒவ்வொரு துகளும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய காசு.

டோமோசிந்தசிஸ் இந்தக் காசைப் பங்கிட்டுச் செலவழிக்கிறது. எக்ஸ்ரே குழாய் ஒரு வில்லைப் போல வளைந்து நகரும். நகர்ந்துகொண்டே பல கோணங்களில் படம் எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மிகக் குறைந்த கதிர்தான். எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண மேமோகிராமை ஒட்டிய அளவு. பிறகு கணினி அந்த மங்கலான படங்களைச் சேர்த்து, மார்பகத்தை மில்லிமீட்டருக்கு ஒரு தளமாகப் பிரித்துக் கொடுக்கும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது தளம். மருத்துவர் ஒரு தளத்தைப் பார்க்கும்போது மேலும் கீழும் உள்ள திசுக்களின் நிழல் கரைந்து ஒதுங்கியிருக்கும்.

நார்வேயின் ஆஸ்லோ நகரில் 12,631 பரிசோதனைகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், சாதாரண மேமோகிராம் மட்டும் பார்த்தபோது ஆயிரம் பேருக்கு 6.1 புற்றுகள் அகப்பட்டன. டோமோசிந்தசிஸையும் சேர்த்துப் பார்த்தபோது 8.0. இலை விலகியதில் கிடைத்த காய்கள் அவை.

படங்களைச் சேர்த்துத் தளங்களாகப் பிரிக்கும் அந்தக் கணக்கில் சென்னையில் பணியாற்றிய ஒருவருக்கும் பங்கு உண்டு. பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, இந்தக் கட்டுரையின் விஷயமே அதற்குள் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952 முதல் 1970 வரை தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனை கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவத்தைக் கண்டவர் என்று பலர் அறிவார்கள். அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல கோணங்களில் விழுந்த நிழல்களிலிருந்து பொருளின் உள்வடிவத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் கேள்வி. நிழலை வந்த வழியே திருப்பி இழுத்துப் பூசினால் எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். அதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட வடிகட்டியில் போட்டு விளிம்புகளைக் கூர்மையாக்கிவிட்டால் குழப்பம் தீரும். அப்போது வழக்கில் இருந்த கணக்குமுறையை விட இது ஏறத்தாழ முப்பது மடங்கு வேகமாக இருந்தது. இன்றும் உலகமெங்கும் சி.டி. ஸ்கேன் பாடப்புத்தகங்களில் அந்த வடிகட்டியின் பெயர் ராம்-லக்.

அவர்கள் தங்கள் முறையை எதை வைத்துச் சோதித்தார்கள் தெரியுமா? நோயாளியை வைத்து அல்ல. கணினியில் ஒரு பொருளைக் கற்பனையாகச் செய்து, அதன் நிழல்களையும் கணினியிலேயே உண்டாக்கி, அந்தப் பொய் நிழல்களிலிருந்து மூலப்பொருள் திரும்ப வருகிறதா என்று பார்த்தார்கள். மூலம் இன்னதென்று முன்பே தெரியும் என்பதால் பிழை எவ்வளவு என்பதும் துல்லியமாகத் தெரிந்தது. இன்று கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்யும் ஒத்திகைகளுக்கு அடிப்படை யோசனை இதுதான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தயாரிப்பது.

ஆனால் டோமோசிந்தசிஸுக்கு ஒரு குறை உண்டு. சி.டி. ஸ்கேன் உடம்பை முழுச் சுற்று சுற்றிவரும். மார்பக எக்ஸ்ரே குழாயோ ஒரு கருவியில் 15 டிகிரிதான் நகர்கிறது, இன்னொன்றில் 50 டிகிரி. ஒன்று 15 படம் எடுக்கிறது, மற்றது 25. வில் அகலமானால் தளங்கள் நன்றாகப் பிரியும். கட்டிகளைப் பார்க்க நல்லது. ஆனால் நேரம் கூடும், பெண் சற்று அசைந்தாலும் உப்புத்தூள் அளவுள்ள சுண்ணாம்புப் பொரிகள் கலங்கிப் போகும். ஆரம்ப நிலைப் புற்றுக்குச் சில சமயம் அந்தப் பொரிகள்தான் ஒரே தடயம். படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் கதிர் குறைந்து, கருவியின் மின்னிரைச்சலில் படம் மூழ்கும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. எது சரியான அளவு என்று அறிய, ஒரே பெண்ணை நாற்பது விதமாகப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். எந்த மனசாட்சியுள்ள மருத்துவரும் அதைச் செய்ய மாட்டார்.

அங்கேதான் தாயக்கட்டை வருகிறது. 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறிவரும் நாட்களில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சலித்தவர், நூறு ஆட்டம் ஆடிப்பார்த்து எத்தனையில் ஜெயிக்கிறோம் என்று எண்ணிவிட்டால் போயிற்று என்று நினைத்தார். அவரும் ஜான் வான் நாய்மனும் அந்த யோசனையை அணுத் துகள்களின் பயணத்துக்குப் பொருத்தினார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன மாண்டி கார்லோவின் பெயரே அந்த முறைக்கு வந்தது.

கணினிக்குள் ஒரு எக்ஸ்ரே துகள் புறப்படுகிறது. மார்பகத்துக்குள் எவ்வளவு தூரம் தடையின்றிப் போகும்? ஒரு கட்டையை உருட்டு. விழுந்த எண்ணுக்கேற்ப அது ஓரிடத்தில் நிற்கும். அங்கே இருப்பது கொழுப்பா, சுரப்பியா? அந்த அணுவில் மோதி முழுதாக விழுங்கப்படுமா, திசை மாறிச் சிதறுமா? இன்னொரு முறை உருட்டு. சிதறினால் எந்தக் கோணத்தில்? மறுபடி உருட்டு. கடைசியில் அது மறுபக்கத்தில் படம் பதியும் உணரியைத் தொட்டதா, வழியில் மடிந்ததா என்று குறித்துக்கொண்டு அடுத்த துகளை அனுப்பு. இப்படிக் கோடிக்கணக்கான துகள்கள். கட்டை உருட்டும் விதி மட்டும் நம் இஷ்டத்துக்கு அல்ல. ஆய்வகத்தில் அளந்த இயற்பியல் அது.

இந்த ஒத்திகை சொல்லும் சில செய்திகளை வேறெந்த வழியிலும் பெற முடியாது. உணரிக்கு வந்து சேரும் துகள்களில் எவை நேராக வந்தவை, எவை சிதறி வழிதவறி வந்தவை என்று உண்மையான கருவியால் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி வெளிச்சப் புள்ளிதான். கணினியிலோ ஒவ்வொரு துகளுக்கும் வரலாறு உண்டு. ஐந்து சென்டிமீட்டர் மார்பகத்தில், சிதறலைத் தடுக்கும் சல்லடையை எடுத்துவிட்டால், வந்து சேர்பவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழிதவறியவை. குழாய் நகர்ந்துகொண்டே இருப்பதால் பல டோமோசிந்தசிஸ் கருவிகளில் அந்தச் சல்லடை இல்லை. எனவே சிதறல் எங்கே எவ்வளவு விழும் என்று ஒத்திகையில் தெரிந்துகொண்டு, மென்பொருளாலேயே அதைக் கழிக்கிறார்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் பெண்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. மேமோகிராம் எடுத்ததும் திரையில் கதிரளவு என்று ஒரு எண் வரும். அந்த எண் உங்கள் மார்பகத்துக்குள் அளந்ததல்ல, அப்படி அளக்க வழியே இல்லை. கருவி வெளியிட்ட கதிரை அளந்து, 1990இல் லண்டனின் டேவிட் டான்ஸ் மாண்டி கார்லோ முறையில் கணக்கிட்டுக் கொடுத்ததைப் போன்ற பெருக்கெண்களால் பெருக்கிச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குகளில் மார்பகம் பாதி கொழுப்பு, பாதி சுரப்பி என்று நெடுங்காலம் வைத்துக்கொண்டார்கள். 2009இல் அதே யாஃபேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் உண்மையான பெண்களின் முப்பரிமாணப் படங்களை வைத்துப் பார்த்தபோது, சுரப்பியின் பங்கு சராசரியாக ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. பாதிக்குப் பாதி என்பது வெறும் வழக்கம்தான். ஒத்திகையில் நடிக்கும் உடம்பு உண்மையான உடம்பைப் போல இல்லையென்றால் விடையும் தவறும். என்னை மிகவும் யோசிக்கவைத்த விஷயம் இதுதான். பின்னால் திரும்ப வருகிறேன்.

இன்று அந்த உடம்பைக் கட்டும் கலை வெகுதூரம் வந்துவிட்டது. தோல், கொழுப்பு மணிகள், காம்பிலிருந்து மரக்கிளை போலப் பிரியும் பால்நாளங்கள், திசுவைத் தாங்கும் நார்கள், ரத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் கணினி விதைபோட்டு வளர்க்கிறது. பிறகு அதைத் தட்டுகளுக்கு நடுவே அழுத்துவதையும் ஒத்திகை பார்க்கிறது. கட்டியையும் பொரிகளையும் வேண்டிய இடத்தில் வைக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் ஆல்டோ படானோ தலைமையிலான குழு இப்படி 2,986 கணினிப் பெண்களைப் படைத்து, எல்லோருக்கும் சாதாரண மேமோகிராமும் டோமோசிந்தசிஸும் எடுத்தது. படத்தைப் படித்ததும் கணினி வாசகர்களே. விக்ட்ரே என்று பெயரிட்ட அந்த ஆய்வு 2018இல் வெளியானது. துகள்களை ஓட்டியது ஆண்ட்ரேயு படால் எழுதிய நிரல், ஓடிய இடம் வீடியோ கேம் விளையாட உருவாக்கிய வரைகலை அட்டைகள். அதே வகைக் கருவிக்காக உண்மையான பெண்களிடம் நடந்த ஆய்வு எந்தப் பக்கம் சாய்ந்ததோ, கணினி ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது. டோமோசிந்தசிஸ் மேல், அதிலும் பொரிகளைவிடக் கட்டிகளில் நன்மை அதிகம். கணினி ஆய்வில் உண்மைப் பெண்கள் யார் மீதும் ஒரு துகள்கூடப் படவில்லை.

இதனால் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு வேண்டாம் என்றாகிவிடாது. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இந்த இரண்டு படமுறைகளையும் ஒப்பிட 2017இல் தொடங்கிய டிமிஸ்ட் ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். முற்றிய புற்று குறைகிறதா என்ற கேள்விக்குப் பதில் காலம்தான் சொல்ல வேண்டும், கணினி சொல்லாது. ஆனால் எந்தக் கருவியை, எந்தக் கோணத்தில் வைத்து அப்படிப்பட்ட ஆய்வுக்குக் கொண்டுபோவது என்று சலித்தெடுக்க ஒத்திகையை விட நல்ல வழி இல்லை.

உத்தமபாளையம் தாலுகாவுக்கு இந்த மாண்டி கார்லோ புதிதல்ல. தேவாரத்தை ஒட்டிய பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் 2015இல் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு தெரிவித்த மறுப்பு என்று அது நின்றுபோனது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட ஐம்பதாயிரம் டன் இரும்புக் கருவி ஒரு துகளை எப்படி உணரும் என்பதை, ஒரு பாறையும் உடையும் முன்பே விஞ்ஞானிகள் ஜியான்ட்4 என்ற மாண்டி கார்லோ மென்பொருளில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் பிறந்த அதே ஜியான்ட்4தான் உலகின் பல இடங்களில் மார்பக எக்ஸ்ரே ஒத்திகைக்கும் பயன்படுகிறது. 2015இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இத்தகைய நிரல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப் பொதுவான கணக்குகளை வெளியிட்டது. மேமோகிராமும் டோமோசிந்தசிஸும் அவற்றில் ஒன்று. ஒப்பிட்ட நிரல்களில் ஜியான்ட்4ம் ஒன்று.

இனி நம் பெண்கள். 2022இல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்று கண்டவர்கள் 1,92,020 பேர் என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. இறந்தவர்கள் 98,337. மேற்கத்திய நாடுகளை விட இங்கே ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னதாகவே நோய் வருகிறது. இளம் வயது மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தி, அதாவது 45க்கும் 43க்கும் நடுவே தேட வேண்டிய நிலை. சாதாரண மேமோகிராம் தடுமாறும் இடம் அது. இலை அடர்ந்த பந்தல்.

ஊர் ஊராக முப்பரிமாணக் கருவி வைத்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. மும்பை டாடா நினைவு மையம் 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களிடம் இருபது ஆண்டு நடத்திய ஆய்வு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தாலே ஐம்பதும் அதைக் கடந்த வயதும் உள்ள பெண்களில் சாவு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தது என்று 2021இல் காட்டியது. முதல் காவல் அந்தக் கைதான். கை சந்தேகப்பட்டதும் அடுத்து வரும் படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். "மார்புல கட்டி மாதிரி இருக்கு மதினி, வலி ஒன்னும் இல்ல" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு விட்டுவிடுவாள். வலி இல்லாததே ஆறுதல் என்று நினைப்பாள். தொடக்கத்தில் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. ஒருவழியாகத் தேனிக்கோ மதுரைக்கோ போய்ப் படம் எடுத்தபின், "சரியாகத் தெரியவில்லை, மறுபடி வாங்க" என்றால் அவளுக்கு அது இன்னொரு நாள் கூலி, இன்னொரு பஸ் செலவு, நடுவே தூங்காத இரவுகள். நல்ல திசுக்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கட்டி போலத் தோன்றுவதால்தான் பல பெண்கள் இப்படித் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். தளம் தளமாகப் பிரித்துப் பார்த்தால் அந்தப் போலிக் கட்டிகள் பல கலைந்துபோகும். தூரத்து ஊர்க்காரிக்கு இந்த நன்மை நகரத்துப் பெண்ணுக்குக் கிடைப்பதைவிடப் பெரிது.

கோணமும் கதிரளவும் யாருடைய உடம்பை வைத்து ஒத்திகை பார்க்கப்பட்டவை என்ற கேள்வியை ஆகவே விட முடியவில்லை. விக்ட்ரே நிரல்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் இயற்பியலோ கணினியோ படிக்கும் ஒரு மாணவி, நல்ல வரைகலை அட்டை உள்ள கணினி ஒன்று கிடைத்தால், கணினி மார்பகம் ஒன்றை வளர்த்து அதன் வழியே துகள்களை ஓட்டிப் பார்க்க முடியும். நிரல் முதலில் சில எண்களைக் கேட்கும்: அழுத்திய பின் தடிமன் எவ்வளவு, கொழுப்பின் பங்கு எவ்வளவு. நம் ஊர்ப் பெண்களின் எண்களை அங்கே இட வேண்டும். அவற்றுக்காகப் புதிதாக யாரையும் படம் எடுக்கத் தேவையில்லை. மதுரையிலும் சென்னையிலும் எடுக்கும் ஒவ்வொரு டிஜிட்டல் மேமோகிராமோடும் அழுத்திய தடிமனும் கதிரளவும் ஏற்கெனவே பதிவாகி, மருத்துவமனைக் கணினிகளில் கிடக்கின்றன. கொழுப்பின் பங்கையும் அந்தப் படங்களிலிருந்தே கணக்கிட்டு எடுக்கலாம். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அவற்றைத் திரட்டித் தர வேண்டும்.